வீட்டுவழிக் கல்வி: நான்கு முறைகளும் பெற்றோரிடம் அவை கேட்பவையும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்த வீட்டில் அடுத்து எழும் கேள்வி, எந்த முறையில் சொல்லிக்கொடுப்பது என்பது. எங்கள் மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நான்கு. இந்த வயதுக் குழந்தைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றன: பள்ளிப் பாடத்திட்டத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவது, மாண்டிசோரி முறை, சார்லட் மேசன் முறை, பாடத்திட்டமே வைத்துக்கொள்ளாத அன்ஸ்கூலிங். நான்கையும் ஏதோ ஓர் அளவில் எங்கள் வீட்டில் செய்து பார்த்திருக்கிறோம்.

இவற்றைப் பற்றிய பேச்செல்லாம் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதிலேயே சுற்றுகிறது. வீட்டில் இருக்கும் பெரியவரிடம் அந்த முறை என்ன கேட்கிறது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எட்டு வயதுக்குக் கீழே ஒரு முறை நிலைப்பதும் பாதியில் கைவிடப்படுவதும் அந்தப் பெரியவரின் நேரத்தையும் சுபாவத்தையும் பொறுத்தே இருக்கிறது.

முறையைத் தேடும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் குழந்தை பள்ளிக்குச் சென்றே ஆக வேண்டும். வீட்டில் கற்பிக்கும் உரிமை கேட்ட ஒரு குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்துவிட்டது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, பள்ளி வழியாகவோ வேறு வழியாகவோ பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

பள்ளிப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது பழைய வழி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள கால்வர்ட் பள்ளி 1906இலேயே தபால் மூலம் வீட்டுப் பாடங்களை அனுப்பத் தொடங்கியது. இன்று அதே வேலையை இணையவழிப் பாடத்தொகுப்புகள் செய்கின்றன. இதன் பலம், பெரியவர் எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது. காலையில் பக்கத்தைத் திறந்தால் அன்றைய வேலை எழுதியிருக்கும். ஆனால் ஒரு வகுப்பறை முழுவதற்கும் அளந்து வைத்த பாடத்தை ஒரே ஒரு குழந்தை வெகு சீக்கிரம் முடித்துவிடுகிறது. மிச்ச நேரத்தைப் பயிற்சித் தாள்களால் நிரப்பும்போதுதான் வம்பு தொடங்குகிறது. தாயோ தந்தையோ கண்காணிப்பாளராக மாறிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு வயது வித்தியாசம் இருந்தால் வகுப்பும் இரண்டாகிவிடும். நான்கு வயதுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். ஏழு வயதுக்காரிக்கு நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது கணக்கு மட்டும். கூட்டலுக்குப் பிறகு எது, அதற்குப் பிறகு எது என்ற வரிசையைப் பிறர் வகுத்துத் தருவது பெரிய நிம்மதி.

மாண்டிசோரி முறையைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் பலரும் மரச்சாமான்களை வாங்கி வைப்பதே அந்த முறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த சாமான்களில் தவறு தானே தெரிந்துவிடும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரையிலான பத்து இளஞ்சிவப்புக் கனசதுரங்களை அடுக்கும் குழந்தைக்கு, வரிசை பிசகினால் கோபுரமே காட்டிக்கொடுக்கும். பெரியவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இந்த முறை நம்மிடம் கேட்கும் முக்கியமான விஷயமும் அதுதான்: ஒருமுறை மெதுவாக, அதிகம் பேசாமல் செய்துகாட்டிவிட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் கணவருக்கு அது இயல்பாக வருகிறது. எனக்கு அது தினசரிப் பயிற்சி.

சாமான் வாங்காமலே இதில் பாதியைச் செய்யலாம். தண்ணீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, பொத்தான் போடுவது, துணி மடிப்பது எல்லாமே இம்முறையில் பாடம்தான். எங்கள் இளையவன் பொத்தான் துணியோடு உட்கார்ந்தால் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று மணிகளைக் கோத்துச் செய்த பொன்னிற எண்மணிகளைக் கட்டாயம் வாங்கலாம். ஆயிரம் மணிகள் சேர்ந்த கனசதுரத்தைக் கையில் ஏந்திப் பார்த்த குழந்தைக்கு ஆயிரம் என்பது வெறும் நான்கு இலக்கமாக இருப்பதில்லை.

தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. மாண்டிசோரியின் நகர்த்தும் எழுத்துகளில், அதாவது தனித்தனியாக வெட்டிய எழுத்து வடிவங்களில், குழந்தை காதில் விழும் ஒலிகளை வரிசையாக எடுத்து வைத்துச் சொல்லை உருவாக்கும். படிப்பதற்கு முன்பே எழுதும். ஆனால் ‘கொ’ என்ற எழுத்தில், பின்னால் கேட்கும் உயிர் ஒலியின் குறி ககரத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிறது. உறுப்புகளைத் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தால் குழந்தை குழம்பும். ஆகவே உயிர்மெய்களை முழு எழுத்துகளாகவே வைத்து, ஒரு மெய்யின் வரிசை பழகிய பிறகு அடுத்ததை எடுத்தோம். 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வரிசைகள் பழகியதும் மற்றவற்றின் போக்கு பெரும்பாலும் பிடிபட்டுவிடுகிறது. உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும்.

சார்லட் மேசன் (1842–1923) இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். ஆறு வயதுக்கு முன் முறையான பாடம் வேண்டாம், வெளியே விடுங்கள் என்றார். அதன் பிறகும் சின்னவர்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர் கணக்கு. நல்ல நடையில் எழுதிய புத்தகத்தை ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டுவது, உடனே குழந்தை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது: இதுதான் அவர் முறையின் உயிர். வினாத்தாளும் இல்லை, கோடிட்ட இடமும் இல்லை.

மேசனுக்கும் மாண்டிசோரிக்கும் இடையிலான உண்மையான பிணக்கு கதையில் இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே கற்பனைக் கதைகளைத் தவிர்த்து நிஜ உலகத்தைக் கொடுங்கள் என்றார் மாண்டிசோரி. மேசனுக்குக் கதைதான் மனத்தின் உணவு. இதில் நான் முழுக்க மேசன் பக்கம். பேசும் கரடியை நான்கு வயதுப் பையன் நம்பிவிடுவானோ என்று பயந்து கதையை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்க் குழந்தைக்குத் திருப்பிச் சொல்லுதல் இன்னொரு பெரிய நன்மையும் செய்கிறது. புத்தகத்தின் எழுத்துத் தமிழைக் கேட்டுப் பேச்சுத் தமிழில் சொல்கிறது. சொல்லும்போதே புத்தகச் சொற்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைகின்றன. மூத்தவள் ஒரு நாள் கதை சொல்லும்போது ‘ஆகையால்’ என்றாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த முறைக்குப் பணம் அதிகம் வேண்டாம். தினமும் வாசித்துக் காட்டும் குரல் வேண்டும், புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் கண் வேண்டும். அலுவலகத்திலிருந்து களைத்து வருகிறவர்கள்கூட இரவில் பத்துப் பக்கம் வாசிக்கலாம். அதனால்தான் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது மேசன்.

அன்ஸ்கூலிங் என்ற சொல்லைப் பரப்பியவர் ஜான் ஹோல்ட். பள்ளி ஆசிரியராக இருந்து, பள்ளிகளைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கை போய், 1977இல் பள்ளி வேண்டாத குடும்பங்களுக்காகவே ஓர் இதழ் தொடங்கினார். குழந்தையின் ஆர்வம் போகும் வழியில் போவதே இதன் முறை. வெளியிலிருந்து பார்க்க இதுதான் சுலபமானதாகத் தெரியும். நான்கிலும் பெரியவரை அதிகம் உழைக்க வைப்பது இதுதான். எறும்பு பற்றிக் கேள்வி வந்தால் அப்போதே எழுந்துபோக வேண்டும், இன்றைய ஆர்வம் நாளை இருக்காது. நாள் முழுவதும் ஒருவர் அருகில் இருக்க முடியாத வீட்டில், குழந்தையின் ஆர்வம் என்ற பெயரில் திரைதான் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி நடக்கும் இடத்தில் இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு வேண்டிய இன்னொன்று மனத்திடம். ஆறு வயது முடிந்தும் வாசிக்காத பிள்ளையைப் பற்றி உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கும் நமக்கும் தெம்பு தரும் ஓர் ஆய்வு இருக்கிறது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டதில், பதினோரு வயதளவில் வாசிப்புத் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2013இல் அது வெளியானது. வாசிப்பில் உண்மையான குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால் மட்டும் காத்திருக்காமல் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது இளையவனுக்கு மாண்டிசோரி, மூத்தவளுக்கு மேசனோடு பாடநூல் கணக்கு, மதியத்துக்கு மேல் இருவருக்கும் ஹோல்ட். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மாண்டிசோரி அலமாரியைப் பராமரிப்பது கடினம். அங்கே மேசனும் வெளிக்காற்றும் போதும். கைவேலையில் நிதானம் உள்ளவர்களுக்கு ஆறு வயது வரை மாண்டிசோரியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

மற்ற குழந்தைகளோடு பழகும் வாய்ப்பை நான்கு முறைகளில் எதுவும் தானாகக் கொடுப்பதில்லை. மாண்டிசோரி வகுப்பில் மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவர்கள் ஒன்றாக இருந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கிறார்கள். வீட்டில் அந்த இடத்தில் ஓர் அக்காவோ தம்பியோதான் இருக்கிறார்கள். ஆகவே விளையாட்டுத் திடலும் நூலகமும் மற்ற குடும்பங்களும் நம் வாரத்தில் பாடங்களுக்குச் சமமாக இடம்பெற வேண்டும். பிள்ளை என்றாவது பள்ளிக்குப் போகக்கூடும் என்றால் குறிப்பேடும் வேண்டும். பாடத்திட்ட வழியில் மதிப்பெண்கள் தாமாகவே சேர்ந்துவிடும். மற்ற மூன்றிலும் வாசித்த புத்தகங்கள், செய்த கணக்குகள், வரைந்த படங்கள் ஆகியவற்றைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சேர்க்கைக்குப் போகும் நாளில் தலைமையாசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.