படுவான்கரையில் 4ஜி: ஊருக்குப் போன் கொண்டு போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும் நம்மவர்களின் பெட்டியில் சொக்லேட் இருக்கிறதோ இல்லையோ, யாராவது ஒரு மருமகளுக்கோ பெறாமகனுக்கோ ஒரு போன் கட்டாயம் இருக்கும். இம்முறை மட்டக்களப்பில் நின்றபோது என் மனதை அதிகம் பிடித்துக்கொண்டது அந்தப் போன்கள்தான். "இஞ்ச நெட்வேர்க் சரியில்ல" என்று ஊரில் சொல்லக் கேட்ட இடங்களில் எல்லாம் போனை வாங்கிப் பார்த்தேன். அவற்றில் பல, வட அமெரிக்காவிலிருந்து நாம் அன்போடு கொண்டுபோய்க் கொடுத்தவை. அந்த ஊர் டவர்கள் பேசும் அலைவரிசைகளில் பாதியை அந்தப் போன்களால் கேட்கவே முடியாது.

நகரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டைக் காட்டி சிம் எடுத்தேன், உடனே வேலை செய்தது. இரவு ரயிலில் வெலிக்கந்தை, புணானைப் பக்கம் காட்டுக்குள் ஓடும்போது சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது, வாழைச்சேனை தாண்டியதும் சீராகிவிட்டது. கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டு ரொறன்றோவில் இருக்கும் மனைவியோடு வீடியோவில் கதைத்தேன், படம் ஒரு இடத்திலும் நின்று போகவில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, அப்படியே கல்முனை வரை கடலோரமாக வீடுகள் நெருக்கம், டவர்களும் நெருக்கம். இரவு ஏழு மணிக்குப் பிறகு வேகம் கொஞ்சம் இறங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

மட்டக்களப்பு வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குப் போனால் நிலைமை மாறுகிறது. அக்கா வீடு கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். மண்முனைப் பாலம் 2014இல் திறப்பதற்கு முன் 'பாதை' என்ற மிதவைப் படகுக்காகக் காத்து நின்றுதான் அக்கரை போவோம். இப்போது ஆரையம்பதிப் பக்கம் திரும்பினால் சில நிமிடங்களில் படுவான்கரை. வயல், குளம், மேய்ச்சல் தரை, ஊருக்கும் ஊருக்கும் இடையில் நல்ல தூரம். டவர்களும் அதற்கேற்ற மாதிரித் தள்ளித் தள்ளித்தான் நிற்கின்றன.

மருமகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். இரவில் இணைய வகுப்பு. வகுப்பு தொடங்கும் நேரம் வந்தால் கதிரை ஒன்றையும் நுளம்புத்திரியையும் தூக்கிக்கொண்டு படலையடிக்குப் போய்விடுவாள். அறைக்குள் இருந்தால் போனில் 4ஜி போய், வெறும் 'இ' என்ற எழுத்துத்தான் நிற்கும். அது 2ஜி. அதில் வகுப்பும் கேட்க முடியாது, வினாத்தாள் ஒன்றையும் இறக்க முடியாது.

"சிம்மை மாத்தியும் பார்த்திட்டன் மாமா. பெரிய பெக்கேஜும் போட்டுப் பார்த்திட்டன். அமெரிக்கா போன்தானே, போன் நல்லாத்தான் இருக்கும்."

அத்தானின் சொந்தக்காரர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து கொடுத்த போன் அது. பார்க்க அழகாக இருக்கிறது, கமராவும் நல்லது. அங்கே ஒரு நிறுவனத்தின் முற்கொடுப்பனவுத் திட்டத்துக்கென்று மலிவாக விற்ற மாடல். பக்கத்து வீட்டுப் பையனிடம் மட்டக்களப்புக் கடையில் வாங்கிய, அதைவிட விலை குறைந்த போன் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, மருமகளின் சிம்மைக் கழற்றி அதில் போட்டோம். அதே அறை, அதே கட்டில், அதே சிம். 4ஜி வந்து நின்றுவிட்டது.

இரண்டு போனிலும் சிக்னல் விவரம் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கினேன். அதில் 'இஏஆர்எஃப்சிஎன்' (EARFCN) என்று ஒரு எண் வரும். டவரோடு எந்த அலைவரிசையில் தொடர்பு இருக்கிறது என்பதற்கான முகவரி அந்த எண். அலைவரிசைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எண் இட்டிருக்கிறார்கள், அதுதான் பேண்ட். 1200க்கும் 1949க்கும் இடையில் இருந்தால் பேண்ட் 3, அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ். 3450க்கும் 3799க்கும் இடையில் என்றால் பேண்ட் 8, அதாவது 900. 0 முதல் 599 வரை பேண்ட் 1, அது 2100. பையனின் போன் அறைக்குள் மூவாயிரத்துச் சொச்சம் காட்டியது, பேண்ட் 8. மருமகளின் போன் படலையடியில் ஆயிரத்துச் சொச்சம் காட்டியது, பேண்ட் 3. உள்ளே கொண்டு வர வர வலு இறங்கிக்கொண்டே போய், மைனஸ் 120 டிபிஎம் (சிக்னல் வலுவை அளக்கும் அலகு) பக்கம் வந்ததும் 4ஜி அறுந்து 'இ' விழுந்தது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தோம். அந்தப் போனின் 4ஜி பட்டியலில் 8 இல்லவே இல்லை.

இலங்கையில் கையில் பிடிக்கும் போன்களுக்கு 4ஜி வருவது முக்கியமாக 1800, 2100, 900 ஆகிய மூன்றிலும்தான். 2013இல் டயலொக் மொபைல் 4ஜியைத் தொடங்கியது 1800இல். இன்றும் நகரங்களில் அதிக வேலை செய்வது அதுதான். வீட்டில் வைக்கும் 4ஜி ரவுட்டர்களுக்கு 2300, அதாவது பேண்ட் 40, பாவிக்கப்படுகிறது. 1800இலும் 2100இலும் இடம் அதிகம் என்பதால் வேகம் கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் சாதாரண 4ஜி போனில் ஏட்டளவில் நொடிக்கு 150 மெகாபிட், 10 கிடைத்தால் 75. ஆனால் அலைவரிசை கூடக் கூட, போகும் தூரம் குறையும். ஒரே தூரத்தில் 1800ஐ 900தோடு ஒப்பிட்டால், தடையில்லாத திறந்த வெளியிலேயே 6 டெசிபெல் இழப்பு அதிகம், அதாவது கைக்கு வருவது நாலில் ஒரு பங்கு. சுவர், மாமரம், மழைக்கு நனைந்த இலை எல்லாம் அதற்கு மேல். 900இல் வேகம் குறைவுதான், ஆனாலும் சுவரைத் தாண்டி உள்ளே வந்து சேர்கிறது. டவர் தள்ளி நிற்கும் ஊரில் அந்த 900தான் உயிர். அது இல்லாத போனைப் படுவான்கரைக்குக் கொண்டு போவது பிள்ளையை இரவில் படலையடிக்கு அனுப்புவது.

லண்டன், சூரிச், பாரிஸில் இருந்து வருகிற உறவுகளுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பாவும் இலங்கையும் ஒரே வழியில் வந்தவை. 900, 1800 என்ற ஜிஎஸ்எம் (2ஜி முறை) சோடியில் இரண்டும் வளர்ந்தன, பிறகு 3ஜிக்கு 2100 சேர்ந்தது. அங்கே விற்கும் போனில் 1, 3, 8 மூன்றும் சாதாரணமாக இருக்கும். அறுகம்பேயில் அலைச்சறுக்குக்கு வருகிற ஐரோப்பியர்கள் உள்ளூர் சிம்மைப் போட்டதும் எந்தக் கவலையும் இல்லாமல் பாவிப்பதைப் பார்த்தேன்.

வட அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே முதலில் 850, பிறகு 1900, அதற்குப் பிறகு 1700ஐயும் 2100ஐயும் சேர்த்த பேண்ட் 4, அதை விரித்த பேண்ட் 66, தூரத்துக்கு 600, 700. பலர் என்னிடம் கேட்பது, "கனடாவிலும் 2100 இருக்கிறதே, பிறகென்ன?" என்று. கேள்வி நியாயமானது. ஒவ்வொரு பேண்டும் ஒரு சோடி. போனிலிருந்து டவருக்குப் போக ஒரு துண்டு, டவரிலிருந்து போனுக்கு வர இன்னொரு துண்டு. பேண்ட் 4இல் போவது 1710 முதல் 1755, வருவது 2110 முதல் 2155. இலங்கையின் பேண்ட் 3இலும் போவது 1710இல்தான் தொடங்குகிறது, ஆனால் வருவது 1805இல். பேண்ட் 1இல் வருவது அதே 2110இல் தொடங்குகிறது, ஆனால் போவது 1920இல். ஒரு செருப்பு இந்தச் சோடியிலும் மற்றது அந்தச் சோடியிலும் பொருந்துகிற மாதிரி. கால் போட முடியாது. கனடாவில் 1800ஐயே அப்படியே திறக்கவும் வழியில்லை, ஏனென்றால் பேண்ட் 3இல் டவரிலிருந்து போனுக்கு வரும் துண்டின் ஒரு பகுதியில் அங்கே 1900 சேவையின் போன்கள் டவருக்கு அனுப்புகின்றன.

விலை கூடிய ஐபோன், சாம்சங் கலக்சி எஸ் வரிசை போன்றவற்றில் உலகம் முழுதுக்குமான பேண்டுகள் பெரும்பாலும் இருக்கும். பிரச்சினை வருவது மலிவு மாடல்களில். நிறுவனம் தன் நெட்வேர்க்குக்குத் தேவையானதை மட்டும் போட்டுச் செலவைக் குறைக்கும். ஊரில் கொடுக்க நாம் வாங்குவதும் அந்த மாதிரியைத்தான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாங்கும் முன் பெயரைப் பார்த்தால் போதாது, மாடல் எண் வேண்டும். ஒரே பெயரில் வரும் சாம்சங் போன் கனடாவில் 'டபிள்யூ' என்ற எழுத்தோடும், அமெரிக்காவில் 'யூ' என்ற எழுத்தோடும், சர்வதேச மாடலாக 'பி' போன்ற வேறு எழுத்தோடும் முடியும். உள்ளே இருக்கும் பேண்ட் பட்டியலும் வேறாக இருக்கலாம். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, எல்டிஇ (4ஜியின் தொழில்நுட்பப் பெயர்) என்ற வரியில் 1, 3, 8 மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 40 இருந்தால் இன்னும் நல்லது. கையில் இருக்கும் போன் என்றால், ஊரில் நின்றுகொண்டே பார்க்கலாம். சாம்சங்கில் *#0011# என்று அடித்தாலே, ஐபோனில் *3001#12345#* என்று அடித்து அழைப்பை அழுத்தினால் எந்தப் பேண்டில் நிற்கிறது என்று காட்டும். மற்ற பல அண்ட்ரொய்டுகளில் *#*#4636#*#*. சில தயாரிப்பாளர்கள் இதை மூடி வைத்திருப்பார்கள், அப்போது செயலிதான் வழி.

அப்புறம் அழைப்பு. 4ஜி நன்றாக வந்தாலும், அழைப்பு வந்தவுடன் டேட்டா நின்றுவிடுகிறது என்று சிலர் சொன்னார்கள். வெளிநாட்டு மாடலில் இலங்கை நிறுவனத்துக்கான 'வோல்டிஇ' (4ஜி வழியாகவே அழைப்பு எடுக்கும் வசதி) அமைப்பு ஏற்றப்படாமல் இருந்தால், அழைப்பை எடுக்கப் போன் 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்க வேண்டியிருக்கும். 2ஜிக்கு இறங்கினால் வகுப்பு அறுந்து போகும். வாட்ஸ்அப்பில் கதைத்தால் தப்பலாம். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கிற போன் என்றால், முடிந்தவரை சர்வதேச மாடலோ மட்டக்களப்புக் கடையில் வாங்கியதோ நல்லது என்பேன். நகரத்துக் கடைகளில் 1, 3, 8 இல்லாத புதுப் போன் ஒன்றையும் நான் காணவில்லை.

மருமகளுக்கும் அப்படித்தான் செய்தோம். அவளே மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு, தளத்தில் தட்டி, பட்டியலைப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க விட்டாள். அன்றிரவு அவள் வகுப்பு அறைக்குள். அக்கா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கதான் இருக்கிறாள்" என்று எனக்கு வந்து சொன்னா. அமெரிக்கப் போன் வீணாகவில்லை. கல்லடியில் இருக்கும் மாமிக்குக் கொடுத்தோம். அங்கே பேண்ட் 3 தாராளம், வீடியோவில் பேரப்பிள்ளையைப் பார்க்கிறா.

பழைய போன் கொண்டு போகிறவர்கள் பூட்டையும், அதாவது விற்ற நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும்படி வைத்த தடையையும், பார்க்க வேண்டும். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிதாக விற்கும் போன்கள் பூட்டில்லாமல் வர வேண்டும் என்பது விதி, பழையவற்றையும் கேட்டால் கட்டணமில்லாமல் திறந்து தர வேண்டும். இதை ரொறன்றோவில் செய்துவிட்டுப் போங்கள். ஊரில் நின்றுகொண்டு நேர வித்தியாசத்தோடு வாடிக்கையாளர் சேவையைப் பிடிப்பது பெரிய பாடு. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது. கொமினிகேஷன் கடையில் வாங்கும் சாதாரண சிம்மை அதில் வைக்க இடமில்லை, போனுக்குள்ளேயே பதிவாகும் ஈசிம்தான் போட வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் பார்க்க என் ஒன்றுவிட்ட தம்பிகள் குடும்பத்தோடு போகிறார்கள். யாருக்காவது போன் வாங்குவதென்றால் மாடல் எண்ணை முதலில் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாங்கிவிட்ட ஒருவன் நேற்று அனுப்பினான். பட்டியலில் 3 இருக்கிறது, 8 இல்லை. கடையில் திருப்பிக் கொடுக்கும் தவணை இன்னும் முடியவில்லை, சனிக்கிழமை மாற்றப் போகிறான்.