திருவிழா நோட்டீஸ் அடிக்க நல்ல இடம், ஆனால் நேரில் போங்கள்

எங்கள் ஊர் சிவன் கோயில் வைகாசி விசாகத் திருவிழா நோட்டீஸை இந்த அச்சகத்தில்தான் அடித்தோம். விழாக் குழுப் பொருளாளர் என்பதால் அலைந்தது நான். நான்கு நட்சத்திரம் தருகிறேன். அதில் மூன்று, பின்னறையில் பிரூஃப் திருத்தும் பெரியவருக்கு.

டிசைன் எந்த அச்சகத்துக்குப் போனாலும் ஒன்றுதான். அதே தங்க பார்டர், அதே தாமரை. இங்கே வித்தியாசம் எழுத்தில். செயலாளர் கொடுத்தனுப்பிய வரைவில் பத்து நாளுக்கும் ‘சுவாமி ஊர்வலம்’ என்றே இருந்தது. பெரியவர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகச் சுழித்தார். காலைப் பல்லக்குக்குப் ‘புறப்பாடு’, இரவு வாகனத்துக்குத் ‘திருவீதி உலா’, ஒன்பதாம் நாள் ‘திருத்தேரோட்டம்’. “புறப்பாடுன்னு போட்டு மணியைப் போடுங்க தம்பி. சாமி வாசல் தாண்டுற நேரம் அதுன்னு சனத்துக்குப் புரியும்” என்றார். வருஷா வருஷம் “எத்தனை மணிக்குக் கிளம்பும்?” என்று எனக்கு வரும் போன்களை நினைத்துக்கொண்டேன்.

அதோடு விடவில்லை. வீதிகளின் வரிசையில் கீழ வீதிக்கு அடுத்து வடக்கு வீதி இருந்தது. “என்ன, சாமி இந்த வருஷம் இடமா போறாரா?” என்று கேட்டார். ஊர்வலம் என்றாலே ஊரை வலமாகச் சுற்றி வருவதுதானே. கிழக்கு வாசலில் கிளம்பினால் கீழ வீதி, தெற்கு, மேற்கு, வடக்கு. கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம். செயலாளர் வீடு வடக்கு வீதியில் இருப்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

காத்திருந்த நேரத்தில் மாதிரி ஃபைலைப் புரட்டினேன். மாதா கோயில் நோட்டீஸில் ‘தேர்ப் பவனி’. கட்சிக்காரர்களுக்கு ‘மாபெரும் பேரணி’. கறுப்பு பார்டர் போஸ்டரில் ‘இறுதி ஊர்வலம்’. தர்கா கந்தூரிக்குச் ‘சந்தனக்கூடு ஊர்வலம்’. நாகூர் சந்தனக்கூடு நாகப்பட்டினத்தில் கிளம்பி நாகூர் தர்காவில் போய்ச் சேருவது. இறுதி ஊர்வலம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டாம். இரண்டிலுமே சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது கிடையாது, ஆனாலும் ஊர்வலம்தான். இதைப் பெரியவரிடம் கேட்டேன். “கூட்டமா தெருவுல போனா ஊர்வலம், அவ்வளவுதான். அதுல போய் வலத்தைத் தேடினா யாரும் பேச முடியாது” என்றார். கோயில் நோட்டீஸ் என்றால் மட்டும் அவருக்கு வேறு கணக்கு.

உலா இலக்கியத்தைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதீர்கள். சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞான உலாவில் ஆரம்பித்து, ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மேல் பாடிய மூவருலாவுக்கு வந்து, வீதியில் வரும் தலைவனைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் நின்று பார்ப்பதை ஒவ்வொரு பருவமாகச் சொல்வார். நான் மூன்றாம் பருவமான மங்கையோடு விடைபெற்றேன்.

இனி குறைகள். கம்ப்யூட்டரில் பார்த்த குங்குமச் சிவப்பு தாளில் செங்கல் நிறமாக வந்தது. உபயதாரர் பெயர்களைப் பொடி எழுத்தில் திணித்துவிட்டார்கள். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது நான். சொன்ன தேதிக்கு மறுநாள் சாயங்காலம்தான் கட்டுகள் வந்தன. கொடியேற்றத்துக்குள் வீடு வீடாகக் கொடுக்கப் பையன்கள் ஓட வேண்டியதாயிற்று.

வாட்ஸ்அப்பில் வரும் பிரூஃபுக்கு ஓகே சொல்லாதீர்கள், அது பெரியவர் கண்ணில் படாமல் வருவது. பிளேட் போட்ட பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் தனிக் காசு. மதியச் சாப்பாட்டுக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருகிறார், அதனால் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்போது பேரணி போஸ்டர்தான் ஓடும், சாமி காத்திருக்க வேண்டியதுதான்.