செம்பா, உப்புக் குறைப்பா, தொட்டி மாற்றமா? எது மீனை அதிகம் படுத்தும்?

புதிதாக வாங்கிய பவுடர் ப்ளூ டேங் மீனின் துடுப்பில் உப்பைத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வருவது கடல்மீன் வளர்ப்பவர்களுக்குப் பழகிய காட்சி. கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியின் வேலை அது. நோய் மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனித்தொட்டிக்கு மாற்றியாயிற்று, சரி. அடுத்து செம்பு மருந்தா, உப்பைக் குறைப்பதா, தொட்டி மாற்றிக்கொண்டே இருப்பதா? ஒழுங்காகச் செய்தால் மூன்றிலும் நோய் தீரும். ஆனால் மூன்றும் மீனைப் படுத்தும் விதம் வேறு வேறு. நம் கையில் இருக்கும் மீன் எந்தக் கஷ்டத்தைத் தாங்கும் என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

தோலிலும் செவுளிலும் புதைந்திருக்கும் ஒட்டுண்ணியை இந்த மூன்றில் எதுவும் பெரிதாகத் தொடாது. அது 3 முதல் 7 நாள் மீனைத் தின்றுவிட்டு உதிரும். தரையில் கூடு கட்டிப் பெருகும். அதிலிருந்து குஞ்சுகள் நீந்தி வந்து மறுபடி மீனில் ஒட்டும். செம்பு அந்தக் குஞ்சுகளைக் கொல்கிறது. குறைந்த உப்பு, மீனை விட்டு விழுந்த பருவத்தை அழிக்கிறது. தொட்டி மாற்றமோ கூட்டை அங்கேயே விட்டுவிட்டு மீனை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

செம்பில் பிரச்சினை பசி. அளவு ஏற ஏறச் சாப்பாட்டில் நாட்டம் குறையும். டேங் வகைகள் நாள் முழுக்கக் கொறிப்பவை. அவை இரண்டு நாள் வாயைத் திறக்காவிட்டாலே வயிறு ஒட்டிப்போகும். அயனிச் செம்பு மருந்துகள் சுமார் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) அளவிலேயே வேலை செய்யும், ஆனால் அளவு கொஞ்சம் தவறினாலும் ஆபத்து. பிணைக்கப்பட்ட செம்பு, அதாவது கீலேட்டட் வகை, 2 முதல் 2.5 பிபிஎம் வரை வேண்டும். மீனுக்கு அதுவே சற்று மென்மை. நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன், அதுவும் முழு அளவையும் ஒரே நாளில் கொட்டாமல் ஐந்தாறு நாளில் ஏற்றினால். இடையில் மீன் சாப்பிடுவதை நிறுத்தினால் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். நோரி என்ற கடற்பாசி இலையைத் திரும்பக் கடிக்க ஆரம்பித்த பிறகு ஏற்றலாம். முழு அளவை எட்டிய நாளிலிருந்து 30 நாள். ஒரு எச்சரிக்கை: மீன் கழிவில் சேரும் அம்மோனியா விஷத்தை அடக்கும் பாட்டில் மருந்துகளில் சில, செம்போடு சேர்ந்தால் அதன் விஷத்தைக் கூட்டிவிடும். செம்பு போட்ட தொட்டியில் அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

உப்புக் குறைப்பு மீனின் உடம்புக்கு ஓய்வு என்றே சொல்லலாம். கடல்மீனின் ரத்தத்தில் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அது ஓயாமல் தண்ணீர் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரின் உப்பைக் காட்டும் அடர்த்தி எண்ணை (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025-லிருந்து 1.009-க்கு இறக்கினால் அந்த உழைப்பு வெகுவாகக் குறையும், பசியும் கெடாது. கஷ்டமெல்லாம் நமக்குத்தான். 1.011-க்கு ஏறிவிட்டால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், ஆகவே உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் சரியாக இருக்க வேண்டும். ஆவியாகும் நீரைத் தினமும் நிரப்ப வேண்டும், பிஎச் சரிவதைக் கவனிக்க வேண்டும். இறக்குவதை இரண்டு நாளில் முடிக்கலாம், ஏற்றும்போது அவசரம் கூடாது. ஒரு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். நோய் கிரிப்டோகாரியான் இல்லை, வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய் என்றால் இந்த வழி உதவவே உதவாது. புள்ளிகள் மாவு மாதிரி மிக நுண்ணியதாக, மீன் வேகவேகமாக மூச்சு வாங்கி, வெளிச்சத்துக்கு ஒதுங்கினால் யோசிக்காமல் செம்புக்குப் போய்விடுங்கள்.

தொட்டி மாற்றத்தில் மருந்தே கிடையாது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு முறை, சுத்தமான காய்ந்த தொட்டிக்கு மாற்றினால் போதும். கூடு வெடிக்க மூன்று நாளாவது ஆகும் என்ற கணக்கு அது. 12 நாளில் முடிந்துவிடும், அம்மோனியா ஏறுவதற்குள் தண்ணீரே மாறிவிடும். மாற்றும்போது மீன் மிரளும் என்பதுதான் குறை. ஆனால் அந்த மிரட்சியில் பெரும்பங்கு வலையால் வருவது. டேங்கின் வாலடியில் கத்தி மாதிரி முள் இருக்கிறது, ஏஞ்சல் மீனுக்குக் கன்னத்தில் முள். இரண்டுமே வலையில் சிக்கும், உருவி எடுப்பதற்குள் மீன் தோல்மேல் இருக்கும் சளியெல்லாம் இழந்துவிடும். ஒளிய வைத்திருக்கும் பிவிசி பைப்பின் இரண்டு பக்கத்தையும் கையால் மூடி மீனோடு தூக்கி, வடிகூடையில் தண்ணீரை வடித்து, உடனே புதுத் தொட்டியில் விட்டால் சில விநாடிதான். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இதில் சோம்பல்பட்டால் இந்த முறையின் நன்மையே போச்சு.

க்ளவுன், டாம்செல் போன்ற சின்ன, முரட்டு மீன்களுக்குத் தொட்டி மாற்றத்தையே முதலில் வைப்பேன். ஒரு மாதப் பசியிழப்பைவிட நான்கு முறை மிரள்வது எவ்வளவோ மேல். மிரண்டால் கண்ணாடியில் மோதிக்கொள்ளும் பெரிய டேங்குக்கு மெதுவாக ஏற்றிய செம்பு. உப்புக் குறைப்பு, ஏற்கெனவே வாடிப்போய்ச் செம்பைத் தாங்காது என்று தெரிகிற மீனுக்கு, அதுவும் வெல்வெட் இல்லை என்று உறுதியானால் மட்டும்.

உண்மையில் பல தனித்தொட்டிகளில் மீனை வதைப்பது மருந்தே இல்லை. கழிவை உடைக்கும் பாக்டீரியா இன்னும் வளராத, பழகாத ஃபில்டரால் ஏறும் அம்மோனியாவும், ஒளிய இடமில்லாத வெறும் கண்ணாடியும்தான். பெரிய தொட்டியின் சம்பில் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில்) சில வாரம் ஊறிய ஸ்பான்ஜ், மூன்று பக்கமும் கருப்புத் தாள், மங்கிய விளக்கு, இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. சென்னைக் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். செவுள் புண்ணான மீனுக்கு அது இரட்டைச் சுமை. இன்னொரு ஏர் ஸ்டோன் போடுங்கள், கரண்ட் போனாலும் ஓடுகிற பேட்டரிப் பம்ப்பில்.