ஹேண்டில்பாரை மாற்றுவதா, ரைசர் போடுவதா?

பைக்கைக் குனிந்தே ஓட்டி முதுகு பிடித்துக்கொள்கிறதா? பழைய பாருக்கு அடியில் ரைசர், அதாவது பாரை உயர்த்தும் உலோகத் துண்டு, வைத்தால் கைப்பிடி 20, 30 மி.மீ. உயரும். வேலையும் சுலபம். ஆனால் கைப்பிடியின் வளைவு அப்படியேதான் இருக்கும். மணிக்கட்டு வலிக்கு அது பெரிதாக உதவாது.

புது பார் என்றால் உயரத்தோடு அகலமும் பின்னோக்கிய வளைவும் மாறும். என் ஓட்டு இதற்குத்தான். பாரைப் பிடிக்கும் கிளாம்ப் 22 மி.மீ.யா, 28.6 மி.மீ.யா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். அளவுக்கு மீறி அகலமானால் தோள் விரிந்து, எதிர்காற்று நெஞ்சிலேயே அறையும்.

எதைப் போட்டாலும் ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடக் கூடாது. திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.