பறக்கும் காரில் எது மட்டக்களப்புக்குச் சரிவரும்?

பறக்கும் கார் இரண்டு வகை. ஸ்லோவாக்கியாவின் ஏர்கார் இறக்கையை மடித்தால் கார், விரித்தால் விமானம். 2021இல் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்தது. 2022இல் பறப்புத் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. அமெரிக்காவின் ஜோபி மின்கலத்தில் ஓடுவது. நின்ற இடத்திலிருந்தே மேலெழும்.

சாத்தியத்தில் ஏர்கார் முந்தி நிற்கிறது. ஆனால் அதற்கு ஓடுபாதை வேண்டும். மாரி வெள்ளத்தில் வீதி மூடி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாட்டுப்பட்ட பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அது உதவாது. ஜோபிக்குப் பள்ளிக்கூட மைதானமே போதும். எனக்கு இதுதான் பெரிய விசயம்.

பாதுகாப்பு? எஞ்சின் நின்றாலும் ஏர்கார் இறக்கையின் பலத்தில் சறுக்கி இறங்கலாம். ஜோபிக்கு ஆறு சுழலிகள். ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும். ஆனால் செங்குத்தாக ஏறி இறங்கும்போதுதான் மின்கலம் வேகமாகக் கரையும். காற்றும் மழையுமான நாளில் இறங்க இடம் தேடிச் சுற்றுவது ஆபத்து.

பணத்தில் ஜோபியின் கை ஓங்கல். 2024இல் டொயோட்டா மேலும் 500 மில்லியன் டொலர் தர முன்வந்தது. இருந்தும் அதே ஆண்டு, அதே வகை வாகனம் செய்த ஜெர்மனியின் லிலியம் நொடித்துப்போனது. ஆகவே ஜோபி வகைதான் என் தெரிவு, ஆனால் இப்போதைக்கு வாங்க அல்ல. அரசு பணம் இருந்தால் முதலில் வாவிக்கு மேலே இன்னொரு பாலம் கட்டட்டும்.