நாட்காட்டியா, நன்றிக் கடிதமா?
சிவகாசியில் அச்சாகும் தினசரி நாட்காட்டியில் கடைப் பெயரைப் பொறித்துப் புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்கு வழங்குவது தமிழ்நாட்டு வணிகர்களின் நெடுநாள் வழக்கம். 365 தாள்களும் கிழிபடும் வரை அது சுவரில் நின்று பெயரை நினைவூட்டுகிறது. ஆயினும் எல்லோருக்கும் ஒரே நாட்காட்டிதான் போகிறது என்பதைப் பெறுபவர் அறிவார் என்பதால், அது நல்ல விளம்பரமே தவிர நன்றியாகிவிடாது.

கையால் எழுதிய கடிதமோ, “ஐப்பசி மழையில் சரக்கு தாமதமானபோதும் ஆர்டரை ரத்து செய்யாமல் பொறுத்துக்கொண்டீர்கள்” என்று குறிப்பிட்ட ஒன்றைச் சொல்வதால், தம் பெருந்தன்மை கவனிக்கப்பட்டது என்ற நிறைவை அவருக்குத் தருகிறது. செலவு ஓர் உறையும் தபால் தலையும்தான். நூற்றுக்கணக்கானோருக்கு எழுத இயலாது என்பது மெய்யான குறை.

ஆகவே, நாட்காட்டி எல்லோருக்கும் போகட்டும். இக்கட்டில் உடன் நின்றவர்களுக்குக் கடிதமே தகும் என்பது என் உறுதியான கருத்து. அக்கடிதத்துடன் புதிய விலைப்பட்டியலை மட்டும் இணைக்கக் கூடாது.