வடிப்பதா, வற்ற வைப்பதா, விசிலா? வார நாள் இரவுக்கான பாஸ்தா அலசல்

சோறு விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மா உலை வைத்து வடிப்பார். நான் குக்கரில் வைப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து இரவு ஏழரைக்கு வீடு வந்து, அகல வாணலியில் வேகாத பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா), தக்காளி, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். "வடிக்கவே போறதில்லையா?" என்று அம்மா கேட்டார். "இல்லம்மா, தண்ணிய அளந்துதான் வச்சிருக்கேன்." வாணலிக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப இது சேமியா உப்புமா கணக்கு."

கணக்கு அதேதான். வடித்தால் கஞ்சி சிங்க்குக்குப் போகிறது, அளந்து வைத்தால் உணவிலேயே தங்குகிறது. நேரம், உப்பு, ருசி, மறுநாள் டப்பா என்று இந்த முறைகளுக்குள் தெரியும் வித்தியாசமெல்லாம் அந்தக் கஞ்சி எங்கே போனது என்பதிலிருந்து வருகிறவை. கடந்த சில மாதங்களாக மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். பெரிய பாத்திரத்தில் வேகவைத்து வடிப்பது, அகல வாணலியில் வற்ற வைப்பது, குக்கரில் ஒரு விசில் விடுவது. மூன்றிலும் 200 கிராம் பாஸ்தா. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு குழந்தைக்கும் போதும்.

முதலில் வடிப்பது. இத்தாலியர்கள் சொல்லும் அளவு மனதில் நிற்க எளிது: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. 200 கிராமுக்கு 2 லிட்டர். அது கொதிக்க என் கேஸ் அடுப்பில் 9 நிமிடம் ஆகிறது, பிறகு பாஸ்தா வேக 10 நிமிடம். பக்கத்து அடுப்பில் தக்காளி சாஸ் கொதித்துக்கொண்டிருந்தால் மொத்தம் 22 நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். இது மோசமான நேரமில்லை. விருந்தாளி வந்து 400 கிராம் என்றால்தான் சிக்கல். 4 லிட்டர் கொதிக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பிறகு கழுவ வேண்டியவை: பெரிய பாத்திரம், வடிதட்டு, சாஸ் வாணலி, இரண்டு கரண்டி.

ஆனால் வடிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. தண்ணீர் கூடிவிட்டதே, குறைந்துவிட்டதே என்ற கவலை கிடையாது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, நடுவில் லேசான கடி இருக்கும்போதே வடித்துவிடலாம். பதம் முழுக்க நம் கையில்தான். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் இதை நான் கவனமாகவே பார்க்கிறேன். குழைய வெந்த பாஸ்தாவைவிட, கடி இருக்கும் பாஸ்தா சர்க்கரையை மெதுவாக ஏற்றும். கஞ்சியை வடித்துவிட்டால் மாவுச்சத்து போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அது பாஸ்தாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நல்ல பாஸ்தா 100 கிராமில் ஐந்தாறு கிராம்தான் தண்ணீரில் கரைகிறது. மிச்சம் எல்லாம் தட்டுக்குத்தான் வருகிறது.

அந்த ஐந்தாறு கிராமில்தான் வாணலி முறையின் ரகசியம். 200 கிராம் பாஸ்தாவிலிருந்து 10, 12 கிராம் மாவு கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிக்கும்போது அது 2 லிட்டர் தண்ணீரில் கலந்து நீர்த்த கஞ்சியாகிறது. வாணலியில் அதே மாவு கடைசியில் மிஞ்சும் ஒரு டம்ளர் சாஸுக்குள் செறிந்து நிற்கிறது. இந்தக் கெட்டிக் கஞ்சி எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், க்ரீமோ சீஸோ சேர்க்காமலே சாஸ் பளபளவென்று பாஸ்தாவில் ஒட்டுகிறது. கடைகளில் சாஸ் கெட்டியாக கார்ன்ஃபிளவர் கரைத்து ஊற்றுவார்கள். இதில் அந்த வேலையைப் பாஸ்தாவே செய்துவிடுகிறது.

"இத்தாலிக்காரன் பார்த்தால் அழுவான்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று. பாஸ்தாவை ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவைப் போல, திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வைத்து வேகவைப்பதற்கு இத்தாலிய மொழியிலேயே 'ரிசொத்தாரே' என்று ஒரு சொல் இருக்கிறது. தெற்கு இத்தாலியின் பாரி நகரத்துக்கே உரிய 'ஸ்பகெட்டி அல்லா அசாசினா' அப்படித்தான் ஆகிறது. வேகாத ஸ்பகெட்டியை இரும்புச் சட்டியில் போட்டு, தக்காளி கரைத்த சூடான நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அடியில் கருகி மொறுமொறுப்பாகும்வரை விடுவார்கள். ஸ்பெயினின் வலென்சியாப் பக்கத்து ஃபிதெயுவாவும் சேமியா போன்ற நூடுல்ஸை மீன் சாற்றில் வற்ற வைப்பதுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பச்சையாகப் போட்டுக் கொதிக்கவிடும் இப்போதைய வடிவம் உலகம் முழுக்கப் பரவியது 2013-இல், அமெரிக்காவின் மார்த்தா ஸ்டீவர்ட் லிவிங் இதழில் வந்த குறிப்புக்குப் பிறகு. அதில் 340 கிராம் லிங்குவினி (தட்டையான நீளப் பாஸ்தா), அதே எடைக்குச் செர்ரி தக்காளி, நாலரை கப் தண்ணீர். அதாவது ஒரு கிராம் பாஸ்தாவுக்கு ஏறத்தாழ 3 மில்லி. இந்த விகிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எந்தக் குறிப்பும் தேவையில்லை.

நம் ஊர்ப் பொருளில் நான் செய்யும் கணக்கு இது. 28 சென்டிமீட்டர் அகலமுள்ள, அடி கனமான வாணலி. 200 கிராம் பென்னே அல்லது சுருள் வடிவ ஃபுசில்லி, 600 மில்லி தண்ணீர், பெங்களூர் தக்காளி மூன்று (நாட்டுத் தக்காளி என்றால் சாறும் புளிப்பும் அதிகம், தண்ணீரில் 50 மில்லி குறைத்துவிடுவேன்), ஒரு வெங்காயம் மெல்லிசாக நறுக்கியது, நாலு பல் பூண்டு, இடித்த வற்றல் மிளகாய் இரண்டு, ஒன்றரை மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். இல்லாவிட்டால் கடலை எண்ணெய், ருசி வேறு, ஆனால் நன்றாகவே இருக்கும். உப்பு முக்கால் டீஸ்பூன், அதற்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். நான் முதல் தடவை கோட்டை விட்டது இங்கேதான். வடிக்கும்போது 20 கிராம் உப்புப் போட்டுப் பழகிய கை. அதில் பெரும்பகுதி சிங்க்குக்குப் போய்விடும். வாணலியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, போட்ட உப்பு போட்டபடி தட்டுக்கு வரும். அன்றைக்குப் பாஸ்தாவை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை, குழந்தைக்கு இரவில் தோசை ஊற்ற வேண்டியதாயிற்று.

கொதி வர 5 நிமிடம். அதன்பின் 11, 12 நிமிடம் நடுத்தரத் தீயில், மூடாமல். பாக்கெட்டில் 9 நிமிடம் என்று போட்டிருந்தாலும் தக்காளியின் புளிப்பும் கெட்டியாகும் சாஸும் வேகும் நேரத்தை இரண்டு மூன்று நிமிடம் நீட்டிவிடும். முதல் இரண்டு நிமிடமும் கடைசி நான்கு நிமிடமும் கிளறியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் கிளறாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முடிவில் கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். நடுவில் ஐந்து நிமிடம் கிடைக்கும். அதில் நான் மறுநாள் காய் நறுக்குகிறேன். தண்ணீர் இன்னும் கொஞ்சம் தளும்புவது போல இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். தட்டுக்குப் போகும் இரண்டு நிமிடத்தில் அதுவே இறுகும். முழுக்க வற்றும்வரை அடுப்பில் வைத்தால் சாப்பிடும்போது கட்டி.

மேலே தூவ பேசில் இலை கேட்பார்கள். நம் திருநீற்றுப்பச்சிலையும் அதே தாவர இனம்தான், சப்ஜா விதை வருவதே அதிலிருந்துதான். நெடி சற்றுத் தூக்கலாக இருக்கும், நாலைந்து இலை போதும். எங்கள் மாடித் தொட்டியில் இருப்பதைத்தான் நான் கிள்ளிப் போடுகிறேன்.

வாணலி முறைக்கு எது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். வண்ணத்துப்பூச்சி வடிவ ஃபார்ஃபல்லே வேண்டாம். நடுமடிப்பு வேகும்முன் ஓரம் கரைந்துவிடும். ஸ்பகெட்டி 25 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம், வாணலி அதைவிடச் சிறியதாக இருந்தால் உடைத்துப் போட வேண்டியிருக்கும். 350 கிராமைத் தாண்டினால் மேலே இருப்பது வேகாமலும் கீழே இருப்பது குழைந்தும் போகும். ஐந்து பேருக்கு மேல் சமைக்கும் இரவில் பேசாமல் வடித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் பாக்கெட்டின் பின்பக்கம். பாஸ்தாவுக்கு உரியது டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவை. இத்தாலியில் உலர் பாஸ்தா அதில்தான் செய்யப்பட வேண்டும் என்று 1967-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மைதாவோ சாதாரணக் கோதுமை ரவையோ கலந்த மலிவான மக்ரோனியை வடித்தால் எப்படியோ தப்பிக்கும். வாணலியில் அதன் மாவெல்லாம் சாஸுக்குள் இறங்கிக் கூழாகிவிடும். 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமுக்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி குக்கர். நம் வீடுகளில் உண்மையில் அதிகம் பேர் செய்வது இதுதான். விசில் அடிக்கும் நேரத்தில் உள்ளே வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி. 10 நிமிடம் வேக வேண்டியது மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. ஆவி வெளியேறுவது குறைவு, அதனால் தண்ணீரும் குறைவு: 200 கிராம் மக்ரோனிக்கு 400 மில்லியும் தக்காளியும் போதும். ஆனால் வேகம் இருக்கும் அளவுக்குப் பிடிமானம் இல்லை. மூடியைத் திறந்து பதம் பார்க்க முடியாது. விசில் வந்ததும் அணைத்துவிட்டு, பிரஷர் தானாக இறங்கட்டும் என்று விட்டால் அந்த ஏழெட்டு நிமிடமும் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். ஒரு விசிலில் குழைந்துவிட்டது என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறவிடுகிறார்கள். அணைத்து இரண்டு நிமிடம் கழித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, வெயிட்டை நீளக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஆவியை விட வேண்டும். ஒரேயடியாகத் தூக்கினால் கஞ்சி நுரைத்துக்கொண்டு பீய்ச்சி அடிக்கும். அதனாலேயே குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கெட்டித் தக்காளி விழுதை அடியில் ஊற்றாமல் பாஸ்தாவுக்கு மேலே ஊற்றுங்கள், அடிப்பிடிக்காது. பால் கூடவே கூடாது. பொங்கி வெயிட்டை அடைக்கும், தக்காளியோடு சேர்ந்தால் திரியவும் திரியும். வேண்டுமென்றால் மூடியைத் திறந்த பிறகு க்ரீம் கலந்துகொள்ளலாம்.

குக்கர் பாஸ்தாவின் ருசியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், ஆனால் அது வேறு உணவு. கேரட், பட்டாணி, கொஞ்சம் கரம் மசாலாவோடு மெத்தென்று வரும் மக்ரோனி மூன்று வயதுக் குழந்தைக்கும் பல் இல்லாத பாட்டிக்கும் பிடிக்கும். அடுப்பருகே நிற்க ஆள் இல்லாத இரவு, ஒரு கையில் குழந்தை இருக்கும் இரவு, அப்போது குக்கரைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடி வேண்டும், சாஸ் பளபளக்க வேண்டும் என்றால் குக்கரிடம் அது கிடைக்காது.

நடுவே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறைந்த தண்ணீரில் வடிப்பது. சமையல் அறிவியல் எழுதும் ஹெரால்ட் மெக்கீ 2009-இல் நியூயார்க் டைம்ஸில், கிட்டத்தட்ட 450 கிராம் பாஸ்தாவை ஒன்றரை லிட்டர் தண்ணீரில், அதுவும் குளிர்ந்த நீரிலிருந்தே தொடங்கி வேகவைத்துக் காட்டினார். அடிக்கடி கிளறினால் போதும், கஞ்சியும் கெட்டியாகக் கிடைக்கும். வடிக்கும் பதமும் வேண்டும், 4 லிட்டருக்குக் காத்திருக்கவும் முடியாது என்பவர்களுக்கு இது சரி. இன்னொன்று ஊறவைப்பது. மெல்லிய ஸ்பகெட்டி பச்சைத் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊறினால், கொதிக்கும் சாஸில் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். மாலையில் வீட்டில் ஆள் இருந்தால் நல்லது. ஏழரைக்கு வருகிற எனக்கு உதவவில்லை.

ஆக, திங்கள் முதல் வியாழன்வரை எங்கள் வீட்டில் வாணலிதான். 17 நிமிடம், கழுவ ஒரு வாணலி, ஒரு கரண்டி. பூண்டும் எண்ணெயும் மட்டுமே சேரும் ஆலியோ ஒலியோ, முட்டை சேர்க்கும் கார்பொனாரா இரண்டையும் வாணலிக்குக் கொடுக்க மாட்டேன். அவற்றில் கஞ்சியை எவ்வளவு சேர்ப்பது என்பதை நாமே கரண்டியால் தீர்மானிக்க வேண்டும். அவை ஞாயிற்றுக்கிழமைக்கு.

இன்னொரு இடத்திலும் வாணலி தோற்கிறது. மறுநாள் டப்பா. இரவில் சாஸைப் பிடித்து வைத்திருந்த அதே கஞ்சி ஆறியதும் இறுகி, காலையில் பாஸ்தாவை ஒரே பாளமாக்கி வைத்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்துச் சூடாக்கினால் வீட்டில் சாப்பிடலாம். பள்ளியில் பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறக்கும் குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. வடித்த பாஸ்தாவில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் புரட்டி, சாஸைத் தனியாக எடுத்துவைத்து, காலையில் கலந்து கட்டினால் மதியம்வரை உதிரியாகவே இருக்கிறது. டப்பாவுக்கும் சேர்த்துச் சமைக்கிற இரவுகளில் மட்டும் அம்மாவின் வடிதட்டு கீழே இறங்குகிறது.